வினைல் தரையைக் கெடுப்பது எது?

சிங்கப்பூரில் புதிய வீவக வீடு வாங்குவோர் தரையையும் சேர்த்துக் கேட்டால், படுக்கையறையில் வினைல் பட்டை பதித்துத் தரப்படுகிறது. இந்தத் தரையில் தூசு உறிஞ்சியைப் பயன்படுத்தலாமா, கீறல் விழாதா என்ற ஐயம் இல்லத்தரசிகள் பலருக்கும் உண்டு. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், தரையைக் கெடுப்பது எது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது.

வினைலில் மரம்போலத் தெரிவது அச்சிட்ட படம்தான். அதன்மேல் ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் ஒன்று உண்டு. வீடுகளுக்கான வினைலில் அதன் கனம் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரைதான். மூன்று, நான்கு தாள்களை அடுக்கிவைத்த அளவு! மரத்தரை கீறினால் இழைத்துச் சரிசெய்யலாம். வினைலை இழைத்தால் படமே போய்விடும். அந்தப் பட்டையையே மாற்ற வேண்டியதுதான்.

உறிஞ்சுவதல்ல, உரசுவதே ஆபத்து

காற்றை உறிஞ்சுவதால் தரை கீறுவதில்லை. கீறுபவை மூன்று. முதலாவது, தரைவிரிப்புக்கென உள்ள சுழலும் தூரிகை. அதன் முரட்டு இழைகள் தரையைத் தேய்ப்பதோடு மணலையும் சிதறடிக்கும். இரண்டாவது, சக்கரங்களில் ஒட்டிக்கொள்ளும் மணல். மணல் வினைலைவிடப் பன்மடங்கு கடினமானது. மூன்றாவது, தூரிகை தேய்ந்துபோன உறிஞ்சுமுனையின் பிளாஸ்டிக் விளிம்பு.

ஆகவே, சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு மென்மையான தூரிகை கொண்ட முனையைப் பொருத்த வேண்டும். தொடங்குமுன் சக்கரங்களை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கருவியைத் தரதரவென்று இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும். தானாக ஓடும் ரோபோ கருவிக்கும் இதே விதிதான். ஓரம் பெயர்ந்த பட்டை இருந்தால், முதலில் அதை ஒட்டிவிட வேண்டும். இல்லையேல் உறிஞ்சுமுனை அதில் சிக்கி மேலும் பெயர்க்கும். சாதாரணத் தூசு உறிஞ்சியால் தரையில் சிந்திய நீரை எடுக்கவே கூடாது, மின்சாரம் தாக்கக்கூடும்.

பழைய வீடுகளில் கூடுதல் கவனம்

சிங்கப்பூரில் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரைப் பயன்படுத்துவது 1980களின் இறுதியில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் பதித்த வினைல் ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் கல்நார் இருக்கலாம். முழுமையாக இருக்கும் ஓட்டால் பொதுவாக ஆபத்தில்லை. உடைந்தாலோ தேய்த்தாலோ நுண்ணிய இழைகள் காற்றில் கலக்கும். அவற்றைச் சுவாசித்தால், பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோய்கூட வரலாம்.

உடைந்த பழைய ஓட்டின் தூளை வீட்டுத் தூசு உறிஞ்சியால் எடுத்தால், அந்த இழைகள் அதன் வடிகட்டியைத் தாண்டி அறை முழுதும் பரவிவிடும். பெருக்குவதும் தவறு. அந்த இடத்தை மிதிக்காமல், பிள்ளைகளை விலக்கிவைத்து, உரிமம் பெற்ற நிபுணரை அழைப்பதே பாதுகாப்பு.

புதிய தரையில் கவனம் தவறினால் போவது பணம்தான். பழைய தரையில் அது உயிருக்கே உலை வைக்கலாம்.