நாகவல்லி பேசிய மொழி

விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைக் கூட்டம் கலையும் நேரம். பஸ்சுக்கு நிற்பவர்கள் பேய்க்கதை பேசத் தொடங்கினால், "சந்திரமுகி" வராமல் போகாது.

அதற்கு மூலம் 1993-ல் வந்த மலையாளப் படம் "மணிச்சித்ரதாழ்". அதில் நாகவல்லியின் ஆவி தமிழ் பேசியது. 2004-ல் கன்னடத்தில் "ஆப்தமித்ரா", மறு ஆண்டு தமிழில் "சந்திரமுகி" வந்தன. இரண்டிலும் ஆவி தெலுங்குக்கு மாறிவிட்டது! பேய் என்றாலே பக்கத்து மாநிலத்துப் பேய்தான் போலும்.

மூன்றிலும் பெண்ணைப் பிடித்திருந்தது பேய் அல்ல, மனநோய். அதைக் கண்டுபிடித்தவர் மனநல டாக்டர். தியேட்டரில் இதற்குக் கைதட்டினோம். நம் வீட்டுப் பெண் குரல் மாறிப் பேசினால் மட்டும், லீவு போட்டு, ஊருக்கு ரெயில் ஏற்றி, பேய் ஓட்டுபவரைத் தேடுகிறோம்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை, மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். பலரை அங்கே விட்டுப்போனவர்கள் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான்.

மனநோய்க்குச் சிகிச்சை தரும் நிமான்ஸ் மருத்துவமனை நமக்கு ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. விவேக் நகரில் இருந்து ஆட்டோவில் போகிற தூரம். அவசரப் பிரிவு இரவிலும் உண்டு.