சம்பளத்துடன் ஒரு கோடைக்காலம்: சிவில் உரிமை அமைப்புகளில் நம் பிள்ளைகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் மே மாதம் வகுப்புகள் முடிந்தால், பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியில்தான் மீண்டும் தொடங்கும். இந்த இடைவெளியில் இளங்கலை மாணவர்கள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பணிப்பயிற்சிக்குச் சேருவது அங்கே வழக்கம். இதைத்தான் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். மென்பொருள் நிறுவனம், மருத்துவமனை, வங்கி என்றால் நம் வீடுகளில் யாரும் மறுப்பதில்லை. அங்கே படிக்கும் மகளோ மகனோ, "சிவில் உரிமை அமைப்பில் சேரப் போகிறேன்" என்று சொன்னால் அத்தாவும் உம்மாவும் தயங்குகிறார்கள். "அதில் என்ன வருமானம்? நமக்கு ஏன் வீண் வம்பு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். பதிலும் இருக்கிறது.

இந்த அமைப்புகள் என்ன செய்கின்றன?

கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி., 1920இல் உருவான ஏ.சி.எல்.யூ., முஸ்லிம்களின் உரிமைக்காக 1994இல் தொடங்கப்பட்ட கெய்ர் ஆகியவை அமெரிக்காவில் நன்கு அறியப்பட்டவை. இவை லாப நோக்கமற்றவை. வேலையிலும் பள்ளியிலும் சிறையிலும் பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்குச் சட்டத்தின் வழியே நியாயம் தேடுவது இவற்றின் பணி.

இந்தப் பணியின் அருமை தெரிய 2015ஆம் ஆண்டின் இரண்டு தீர்ப்புகள் போதும். ஆர்கன்சா மாநிலச் சிறையில் இருந்த ஒரு முஸ்லிம் கைதி, அரை அங்குலத் தாடி வைக்க அனுமதி கேட்டார். சிறை நிர்வாகம் மறுத்தது. அவர் கையாலேயே மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஒன்பது நீதிபதிகளும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர்.

இன்னொன்று, ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 2008இல் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுச் சென்ற 17 வயதுப் பெண்ணின் வழக்கு. ஹிஜாப் அணிந்திருந்ததால் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. சம வேலைவாய்ப்புக்கான அரசு ஆணையம் அவருக்காக வழக்குத் தொடுத்தது. பல உரிமை அமைப்புகள் ஆதரவு வாதங்களை எழுத்தில் தாக்கல் செய்தன. உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது.

இத்தகைய வழக்குகள் ஒரு கடிதத்திலோ தொலைபேசி அழைப்பிலோதான் தொடங்குகின்றன. அந்த அழைப்பைக் கவனமாகக் கேட்டு, எந்தத் தேதி, எந்த இடம், யார் சாட்சி என்று பதிவு செய்ய ஒருவர் வேண்டும். பல அமைப்புகளில் கோடைப் பயிற்சியாளரிடம் முதலில் தரப்படும் வேலை இதுதான். செய்திகளையும் சட்ட முன்வரைவுகளையும் படித்துச் சுருக்கித் தருவது, கூட்டங்களில் குறிப்பெடுப்பது, விழிப்புணர்வுக் கையேடு தயாரிக்க உதவுவது ஆகியவையும் உண்டு. இளங்கலை மாணவர் வழக்கறிஞர் அல்லர். புகார் சொல்பவருக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. காதில் விழுந்தது எதையும் வெளியே பேசவும் கூடாது. அது அமானிதம்.

சம்பளம் ஏன் முக்கியம்?

அமெரிக்காவின் தொழிலாளர் ஊதியச் சட்டம் 1938இல் வந்தது. ஆனால் லாப நோக்கமற்ற அமைப்புகளில் தன்னார்வமாக ஊதியமின்றிப் பணி செய்ய இடமுண்டு. ஆகவே எல்லா அமைப்பும் சம்பளம் தரும் என்று எண்ணிவிட வேண்டாம். வெள்ளை மாளிகையே தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கியது 2022இல்தான்.

வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ பத்து வாரம் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையிலிருந்து போட்டு, சம்பளமில்லாமல் வேலை செய்ய எல்லாராலும் முடியுமா? வசதியான வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே முடியும். டாக்சி ஓட்டுபவரின் மகளும் கடையில் நிற்பவரின் மகனும் ஒதுங்கிவிடுவார்கள். பாகுபாட்டை நேரில் அறிந்த வீட்டுப் பிள்ளைகளே அதை எதிர்க்கும் அலுவலகத்துக்குள் நுழைய முடியாமல் போகும். சம்பளத்துடன் கூடிய இடம் அந்தக் கதவைத் திறக்கிறது. உழைத்தவருக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இதன் நியாயம் எளிதில் புரியும்.

ஓர் உதாரணக் கணக்கு: மணிக்கு 18 டாலர், வாரம் 35 மணி நேரம், பத்து வாரம் என்றால் வரிக்கு முன் 6,300 டாலர். இதில் வாடகையும் பயணச் செலவும் போக என்ன மிஞ்சும் என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சம்பளம் இல்லாத இடம்தான் கிடைத்தது என்றால், கல்லூரியிலேயே கோடைக்கால உதவித்தொகை உண்டா என்று கேட்க வேண்டும். பல கல்லூரிகள் தருகின்றன.

வெளிநாட்டு மாணவர் கவனத்துக்கு

தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 விசாவில் சென்ற மாணவர், அமைப்பு அழைத்துவிட்டது என்பதற்காக உடனே வேலையில் சேர்ந்துவிடக் கூடாது. படிப்போடு இணைந்த பயிற்சிக்கான சி.பி.டி. அனுமதி ஐ-20 படிவத்தில் பதிவான பிறகே முதல் நாள் வேலை. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தை எட்டினால், படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓ.பி.டி. வாய்ப்பு போய்விடும். சம்பளமில்லாத பயிற்சியானாலும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே சேர வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் விசாவுக்கே ஆபத்து.

விண்ணப்பிக்கும்போது

கோடை இடங்களுக்கான அறிவிப்புகள் குளிர்காலத்திலேயே வரத் தொடங்கும். பல அமைப்புகள் வசந்தம் முடிவதற்குள் ஆட்களைத் தேர்ந்துவிடும். டிசம்பர் விடுமுறையிலேயே ரெஸ்யூமைத் தயார் செய்வது நல்லது. தமிழ், உருது, அரபி தெரிந்தால் எழுதத் தவறாதீர்கள். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி விநியோகத்தை ஒழுங்குபடுத்தியது, உறவினர்களுக்கு அரசுப் படிவம் நிரப்பிக் கொடுத்தது ஆகியவையும் அனுபவம்தான். சேர்வதற்குப் பணம் கேட்டால் அது மோசடி என்று விலகிவிடுங்கள்.

மகள் எங்கே தங்குவாள் என்பது பெற்றோரின் முதல் கவலை. கோடையில் பல பல்கலைக்கழகங்கள் தம் விடுதி அறைகளைப் பயிற்சியாளர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. தொழுகை நேரம், ஜும்ஆ பற்றிச் சேருவதற்கு முன்பே பேசிக்கொள்ளலாம். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களில், பெரும் சிரமம் இல்லாதவரை மதக் கடமைக்கு இடம் தர வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தில் வரும் கடமை.

பத்து வாரம் முடிந்து பிள்ளை வழக்கறிஞராகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆனாலும், ஒரு புகாரை எப்படி எழுதுவது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பார். நாளை நம்மில் ஒருவருக்கு அநீதி நேர்ந்தால், அடுத்தவரைத் தேடி அலையாமல் முதல் கடிதத்தை எழுதித் தருபவர் அவராக இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.