சாலையோரத்து அடுப்பு

ரோமானியர் என்றவுடன் நம் நினைவில் எழுவோர் படைத் தலைவர்களும் பேரரசர்களுமே. பளிங்கு மாளிகைகளும் வட்டரங்குகளும் உடன் வந்து நிற்கும். ஆனால் அப்பேரரசில் மாவரைத்தவர் யார்? இரும்படித்தவர் யார்? சாலையில் களைத்து வந்த வழிப்போக்கனுக்குப் பானம் காய்ச்சித் தந்தவர் யார்? வரலாற்று நூல்கள் இவர்களைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. மண் பேசுகிறது. அவ்வாறு மண் பேசிய ஓர் எளிய தொழிற்கூடத்தைப் பற்றியே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் சாமர்செட் என்றொரு மாவட்டம் உள்ளது. அங்குள்ள இல்செஸ்டர் என்னும் ஊர், ரோமானியர் காலத்தில் லிண்டினிஸ் என்ற பெயருடன் விளங்கிய நகரம். அதற்கு வடக்கே சில கல் தொலைவில், ரோமானியச் சாலையை ஒட்டி ஒரு சிறு குடியிருப்பு இருந்தது. இன்று அவ்விடத்திற்குக் கேட்ஸ்கோர் என்று பெயர். 1970 முதல் 1973 வரை ரோஜர் லீச் அங்கே அகழாய்வு நடத்தினார். கோயிலோ கோட்டையோ அல்ல, உழைப்பாளர் வாழ்ந்த வீடுகளும் முற்றங்களும் வெளிப்பட்டன. அவற்றுடன் கல்லால் கட்டிய விந்தையான அடுப்புகள் பலவும் கிடைத்தன.

அவ்வடுப்பின் அமைப்பை மனக்கண்ணில் காணுங்கள். தரையில் பள்ளம் தோண்டி, இருபுறமும் கல் அடுக்கி, நீண்ட புகைவழி ஒன்று அமைத்திருப்பர். அதன் ஒரு முனையில் தீ எரியும். மறுமுனையில் குறுக்காக இன்னொரு புகைவழி ஓடும். மேலிருந்து நோக்கினால் ஆங்கிலத்தின் 'டி' என்னும் எழுத்தைப் போல் தோன்றும். இவற்றின் மேல் ஒரு தளம் இருக்கும். தீயின் நாக்கு தளத்தைத் தொடாது. வெப்பம் மட்டும் அடியிற் பரவி, மேலே கிடக்கும் பொருளை மெல்லச் சூடாக்கும்.

இத்தகைய அடுப்புகள் பிரிட்டனில் பல இடங்களிற் கிடைத்துள்ளன. 1943-இல் ரிச்சர்ட் குட்சைல்டு என்பார் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தபோது, தானியம் உலர்த்தும் அடுப்புகள் என்றே அவற்றைக் குறித்தார். அப்பெயர் பொருத்தமாகவே தோன்றியது. பிரிட்டன் மழை மிகுந்த நாடு. ஈரம் உலராத தானியம் களஞ்சியத்திற் பூசணம் பிடிக்கும். ஆகவே அடுப்பிலிட்டு உலர்த்தினர் என்று காரணமும் கூறப்பட்டது. முதன்முறை இதைப் படித்தபோது எனக்கும் ஐயம் ஏதும் எழவில்லை.

ஐயம் எழுந்த ஒருவர் பீட்டர் ரெனால்ட்ஸ். ஹாம்ப்ஷயரில் பட்சர் என்னுமிடத்தில் பழங்கால முறைப்படியே பயிர் செய்து ஆராய்ச்சிப் பண்ணை நடத்தியவர் அவர். "உலர்த்தும் அடுப்பாயின் உலர்த்திக் காட்டட்டுமே" என்பது போல, அதே வடிவில் ஓர் அடுப்பைக் கட்டித் தீ மூட்டினார். 1979-இல் முடிவு வெளியாயிற்று. அறுவடைத் தானியத்தை உலர்த்த அவ்வடுப்பு ஏற்றதன்று. முளைகட்டிய தானியத்தைப் பதப்படுத்தவே அது பொருந்தும் என்று அவர் கருதினார்.

இனிக் கேட்ஸ்கோருக்குத் திரும்புவோம். அங்கே கிடைத்த கரிந்த தானியங்களை கோர்டன் ஹில்மன் என்ற தாவரத் தொல்லியலறிஞர் ஆராய்ந்து 1982-இல் எழுதினார். அவை ஸ்பெல்ட் என்னும் ஒருவகைக் கோதுமை. நெல்லைப் போல் உமி இறுகப் பற்றிய மணிகள். அவற்றில் முளைவிட்ட அடையாளம் இருந்தது. உமிக்குள்ளே வளரும் முளை, மணியின் முதுகில் ஒரு பள்ளக்கோட்டை விட்டுச் செல்லும். மழையில் நனைந்து தாமே முளைத்த மணிகளாயின் சில முளைத்தும் சில முளையாமலும், நெட்டையும் குட்டையுமாக இருக்கும். மனிதர் வேண்டுமென்றே முளைகட்டினால் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே அளவில் முளைத்திருக்கும்.

கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி மாவாக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அம்மாவின் இனிப்பை நீங்கள் சுவைத்திருப்பீர்கள். முளைக்கும் விதை தன்னுள் இருக்கும் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. உரிய நேரத்தில் இளஞ்சூடு காட்டி அம்முளையைத் தடுக்க வேண்டும். பின்னர் அதனை நொறுக்கி வெந்நீரிற் கலந்து, நொதிக்கச் செய்தால் பீர் என்னும் பானமாகும். சாலையோரத்து அடுப்பு செய்த தொழில் அதுவே.

அப்பானத்தை விரும்பியவர் யார்? இங்கிலாந்தின் வடபகுதியில் விண்டோலாண்டா என்னும் ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில், 1973 முதல் மையால் எழுதிய மெல்லிய மர ஏடுகள் கிடைத்து வருகின்றன. கி.பி. 100-ஐ ஒட்டிய அவ்வேடுகளுள் ஒன்றில், மாஸ்க்ளஸ் என்ற குதிரைப் படைத் தலைவன் தன் வீரர்க்குப் பீர் இல்லை என்றும், அனுப்பி வைக்குமாறும் மேலதிகாரியை வேண்டுகிறான். மற்றோர் ஏட்டில் அட்ரெக்டஸ் என்ற பீர் காய்ச்சுவோனின் பெயரே காணப்படுகிறது. கேட்ஸ்கோரில் அடுப்பு மூட்டியவரின் பெயரை எந்த ஏடும் கூறவில்லை; அவர்தம் தொழிலைக் கரிந்த மணிகளே கூறின.

அவ்வாறாயின், எல்லா அடுப்பும் பீருக்காகவோ எனக் கேட்பீர்கள். அன்று. மரிகே வான் டெர் வீன் என்னும் அம்மையார் பல ஊர்களின் அடுப்புகளிற் கிடைத்த கரிந்த தானியங்களை ஒப்பிட்டு 1989-இல் எழுதினார். சிலவற்றில் முளைகட்டிய தானியம்; சிலவற்றில் முளையாத தானியம். ஒரே வடிவ அடுப்பு பல தொழிலுக்கும் உதவியது என்று அவர் காட்டினார். முதற்பெயர் முழுதும் பொய்யன்று. அதுவே முழு உண்மையும் அன்று.

மாணவ நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். முற்றிலும் சாம்பலாகாமல் கரியாக மாறிய தானியம், மண்ணில் பல நூற்றாண்டுகள் கெடாமல் கிடக்கும். அம்மண்ணை நீரில் இட்டால் கரி மிதக்கும், சல்லடையில் எடுத்துவிடலாம். இம்முறை பரவுமுன் அகழ்ந்தவர் பலர், சுவரை அளந்து வரைந்துவிட்டு, அடுப்பில் இருந்த மண்ணைக் குப்பையெனக் கொட்டிவிட்டனர். எழுதிய ஏட்டைப் படிக்காமல் எரித்ததற்கு ஒப்பான செயல் அது. ஒரு நூலை இருமுறை படிக்கலாம். ஓர் இடத்தை இருமுறை அகழ முடியாது. ஆதலின், அகழ்பவர் கல்லை வணங்கி மண்ணை இகழ்தல் ஆகாது. பெயரில்லா உழைப்பாளியின் வரலாறு பெரும்பாலும் அம்மண்ணிலேயே இருக்கிறது.