‘சும்மா ஊத்துப்பா, நல்லதுதானே!’

பெட்ரோல் பங்க்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்களா பாஸ்? பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர்ல ஒரு பெரியவர் வருவார். "அம்பது ரூபாய்க்குப் போடுப்பா"ன்னுட்டு, 20 மில்லி 2டி ஆயில் பாக்கெட்டைக் கிழிச்சு முழுசா டேங்க்ல கவுத்துவார். வண்டியை ரெண்டு ஆட்டு ஆட்டிட்டுக் கிளம்புவார். பின்னாடி நிக்கிற நமக்கு வெள்ளைப் புகையில அபிஷேகம்!

தப்பு எங்கே? கணக்குலதான். அந்த வண்டிக்கான அளவு 50:1. அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா, அம்பது ரூபாய்க்கு அரை லிட்டர். அதுக்கு 10 மில்லி போதும். அவர் ஊத்தினது 25:1. பாக்கெட் மாறல, காசு மாறல... விகிதம் மட்டும் டபுள்!

ஃபோர் ஸ்ட்ரோக்ல ஆயில் தனியா கீழே இருக்கும். டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் கிராங்க் கேஸ் வழியாத்தான் சிலிண்டருக்குப் போகணும். அதனால அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோல் கூடவே வர்ற ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் காப்பாத்திட்டு எரிஞ்சு போகுது. குறைஞ்சா பிஸ்டன் பிடிச்சுக்கும், ரீபோர்தான். இந்தப் பயம்தான் எல்லாரையும் ‘சும்மா கொஞ்சம் சேர்த்து’ ஊத்த வைக்குது. தெற்காசிய நகரங்களின் டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பத்தி 2000-ல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையும் இதே பயத்தைத்தான் சொல்லுது. டெல்லியில இந்தப் புகையே உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. லூஸ் 2டி ஆயில் விற்கிறதை நிறுத்தி, மெஷினே அளந்து கலந்து தரணும்னு 1998-ல் உத்தரவு வந்தது.

அதிகம் ஊத்தினா என்ன ஆகும்? பிளக் நனைஞ்சு அடைக்கும். சைலன்சர்ல கரி ஏறி வண்டி மூச்சு முட்டும். மெக்கானிக் சைலன்சரைக் கழட்டி நெருப்புல காய்ச்சுறாரே, அது இதுக்குத்தான். இன்னொரு வேடிக்கை, கார்புரேட்டர் ஜெட் வழியா போற திரவத்துல ஆயில் கூடினா பெட்ரோல் குறையும். கொஞ்சம்தான், ஆனா காத்து-பெட்ரோல் கலவை ‘லீன்’ ஆகுற பக்கம் நகரும். லீன் ஆனா சூடு. காப்பாத்த ஊத்தினது சூட்டைக் கூட்டுது!

லப்பைக்குடிக்காட்டுல இருக்கிற உங்களுக்கு இது வெறும் வண்டி விஷயம் இல்ல. பெரம்பலூர் மாவட்டம்னாலே மக்காச்சோளமும் பருத்தியும். 2018-ல் படைப்புழு வந்த பிறகு மருந்தடிக்கிற மிஷினுக்கு ஓய்வே இல்ல. முதுகுல மாட்டுற பவர் ஸ்பிரேயர்ல நிறைய டூ ஸ்ட்ரோக்தான். 25:1 கேட்கிற மிஷினும் இருக்கு, 50:1 கேட்கிற மிஷினும் இருக்கு. எக்ஸ்.எல்.லுக்குக் கலந்த அதே கேனை எடுத்து 25:1 மிஷின்ல ஊத்தினா, பாதி ஆயில்ல உச்சி வெயில்ல முழு வேகத்துல ஓடும். நடுக்காட்டுல மிஷின் நின்னா அன்னிக்குக் கூலி போச்சு.

சரி, டெஸ்ட் பண்ணுவோமா? மருந்துக்கடையில 10 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வாங்குங்க. ஊசி வேணாம்! டேங்க்கைக் காலி பண்ணிட்டு, மேனுவல்ல சொன்ன அளவை மட்டும் கலந்து ஊத்துங்க. பிளக்கைத் துடைச்சு மாட்டுங்க. வெள்ளாத்துப் பாலம் தாண்டித் திட்டக்குடி வரை வழக்கமான லோடோட ஒரே சீரா ஓட்டி, ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணுங்க. ஆறினதும் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. வறுத்த காப்பிக்கொட்டை நிறம்னா ஓ.கே. கறுத்து ஈரமா இருந்தா ஆயில் ஜாஸ்தி, இல்லேன்னா சோக், கார்புரேட்டர் கோளாறு. வெளுத்துப் போயிருந்தா சூடு, உடனே மெக்கானிக்கைப் பாருங்க. பிளக் முதல்ல கார்புரேட்டர் கதையைத்தான் சொல்லும், ஆயில் கதை அப்புறம்தான். அதனால ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. மேனுவல் அளவுக்குக் கீழே குறைச்சுப் பார்க்கிற டெஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதோட ரிசல்ட் ரீபோர் பில்லா வரும்.

வீட்டுல ரெண்டு கேன் இருந்து எது மிக்ஸ்னு தெரியலையா? அடுப்பு, பீடி எதுவும் பக்கத்துல இல்லாத திறந்தவெளியில, வெள்ளைப் பேப்பர்ல ஆளுக்கொரு சொட்டு விடுங்க. பெட்ரோல் பறந்துடும், மிக்ஸ் இருந்த இடத்துல எண்ணெய்க் கறை நிக்கும்.

போன சீசன்ல கலந்த மிக்ஸை இந்த சீசனுக்கு எடுக்காதீங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுத்துக்கும். தண்ணி அதிகமானா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு கீழே தங்கிடும், ஆயில் மேலேயே நின்னுடும். மிஷின் உறிஞ்சுறது அடியில இருக்கிறதை!

ஆர்.எக்ஸ்.100 வச்சிருக்கிற அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த ஆயில் பம்ப் இருந்தா அதுவே அளந்து விடும், டேங்க்லயும் ஊத்தாதீங்க. பம்ப்பைக் கழட்டிட்டீங்கன்னா சிரிஞ்ச் உங்களுக்கும்தான்.

அப்புறம், கேன் மேல பெயிண்ட்ல ‘மிக்ஸ்’னு விகிதத்தையும் தேதியையும் எழுதிடுங்க. தம்பி அதைத் தூக்கிட்டுப் போய் அத்தாவோட புது எக்ஸ்.எல்.100-ல கவுத்துடப் போறான். அது ஃபோர் ஸ்ட்ரோக் பாஸ்!