சிக்காகோவுக்கு முன்பே ஹௌரா கேட்ட எட்டு மணி நேரம்

ஹௌரா, மே 1:

சென்னை மெயிலில் வந்து ஹௌராவில் இறங்கும் நம்மவர்கள் மூட்டை முடிச்சுகளை எண்ணிக்கொண்டு பாலத்தை நோக்கி விரைகிறார்கள். தாங்கள் மிதித்து வரும் மண் தொழிலாளர் வரலாற்றில் பெயர் பெற்றது என்பதை அறிந்தவர்கள் சிலரே.

மே தினம் என்றதும் 1886-ம் ஆண்டின் சிக்காகோ நகரம் நம் நினைவுக்கு வரும். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1862-ல், ஹௌரா ரயில் நிலையத்தில் 1,200 தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கிருந்து ரயில் ஓடத் தொடங்கி அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பத்திரிகையில் சில வரிகள்

துவாரகாநாத் வித்யாபூஷண் நடத்திய 'சோமப்பிரகாஷ்' என்ற வங்காளி வார இதழ் அந்த மே மாதம் இச்செய்தியை வெளியிட்டது. எஞ்சின் பிரிவினருக்கு எட்டு மணி நேரம், எங்களுக்கு மட்டும் பத்து மணி நேரமா என்பதே அவர்களுடைய கேள்வி. அன்று அவர்களுக்குச் சங்கம் கிடையாது, கொடியும் கிடையாது. சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் முயற்சியால் தோன்றியது 1918-ல்தான். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது 1923-ல்.

கரக்பூரும் கிரியும்

தென்னாட்டவர் பலர் குடியேறிய கரக்பூரில் 1927-ல் ரயில்வேத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தச் சங்கத் தலைவர்களில் ஒருவர் வி.வி. கிரி. 1974 மே 8-ந் தேதி நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவரே ஜனாதிபதி! ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இருபது நாளில் போராட்டம் முடிந்தது. அன்றைய கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. 112 ஆண்டுகள் கழித்தும் அதே கேள்வி!

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, வேலை முடிந்து எழும்போது அந்த 1,200 பேரின் நினைவு வருவதுண்டு. எஞ்சின் ஓட்டும் நண்பர்களோ, "உனக்கென்னப்பா, மணி அடித்தால் வீடு" என்பார்கள். அந்தச் சொல்லில் உள்ள ஏக்கம் 1862-ல் கேட்ட அதே ஏக்கந்தான்.

ஹௌராவில் கேட்டவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. ஒரு பத்திரிகையின் சில வரிகளில் அவர்கள் கேட்டது மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த முறை ஹௌராவில் இறங்கும்போது, பாலத்துக்கு விரையும் முன் ஒரு நிமிடம் நின்று அவர்களை நினைத்துக்கொள்வோம்.