சிவப்பாக இருப்பதெல்லாம் ரோட் ஐலண்ட் அல்ல: சுத்த இனக் கோழி வாங்குவோர் அறிய வேண்டியவை

சென்ற மாதம் பாடசாலை விட்டு வரும்போது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ராத்தா என்னை மறித்தார். கணவர் மௌத்தாகி மூன்று வருடம், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். "சேர், சீட்டுக் காசு கிடைச்சிருக்கு. ரோட் ஐலண்ட் குஞ்சு இருபத்தைஞ்சு வாங்கப் போறன். ஒரிஜினலாம், எல்லாம் பேடுதானாம். நிறத்தைப் பார்த்தே பேடு எண்டு சொல்லுவாராம். வாங்கட்டா?" என்றார்.

வாங்க வேண்டாம் என்றேன். ஏன் என்று தெருவில் நின்று விளக்க நேரமிருக்கவில்லை. அதனால்தான் இக்கட்டுரை. நான் கோழிப் பண்ணையாளன் அல்லன். வீட்டு வளவில் ஆறேழு வருடமாகக் கோழி வளர்க்கும் விஞ்ஞான ஆசிரியன், அவ்வளவுதான்.

2022இல் தீன் தட்டுப்பாடு வந்து, பண்ணைகள் மூடப்பட்டு, 2023 மார்ச் மாதம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டிய நிலை வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில்தான் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு கோழிக்கூடு முளைத்தது. நானும் அப்போது ஒருவரிடம் "சுத்த ரோட் ஐலண்ட் ரெட்" என்று இருபது பேடும் ஒரு சிவப்புச் சேவலும் வாங்கினேன். முதல் வருடம் முட்டை மழைதான். வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து, அடுத்த தலைமுறை வளர்ந்தபோதுதான் விடயம் விளங்கியது. ஒன்று சிவப்பு, ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்றின் வால் கறுப்பு, ஒன்றின் வால் வெள்ளை. முட்டையோ தாய்க் கோழி இட்டதில் பாதியளவுதான். நான் வாங்கியவை பண்ணைகளில் வளர்க்கும் கலப்பின முட்டைக்கோழிகள்.

கலப்பினம் கெட்டது என்று சொல்லவில்லை. முட்டை மட்டும் போதுமென்றால் அதுவே நல்லது, வருடத்துக்கு 300 வரை இடும். ஆனால் அது இரண்டு வெவ்வேறு வழிகளைச் சேர்த்து எடுத்த ஒரு தலைமுறைச் சரக்கு. அதிலிருந்து குஞ்சு எடுத்தால் குணங்கள் பிரிந்து சிதறும். தரம் பத்து, பதினொன்று பிள்ளைகளுக்கு மெண்டலின் பட்டாணியை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதே கதைதான். சுத்த இனத்தின் பெறுமதி வேறு. அதன் குஞ்சு அதைப்போலவே வரும், ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இப்போது அந்த ராத்தாவின் கேள்விக்கு வருகிறேன். சிவப்பு இனச் சேவலை லைட் சசெக்ஸ் போன்ற வெள்ளி நிறப் பேட்டுடன் சேர்த்தால், பொரிக்கும் பேட்டுக் குஞ்சு சிவப்பாகவும் சேவல் குஞ்சு வெண்மையாகவும் இருக்கும். நிறத்துக்குரிய அந்தப் பரம்பரையலகு பால் நிறமூர்த்தத்தில் இருப்பதே காரணம். சுத்த ரோட் ஐலண்டில் சேவல் குஞ்சும் பேட்டுக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே செம்மைதான். ஆகவே "நிறத்தைப் பார்த்தே பேடு என்று சொல்கிறேன்" என்று ஒருவர் உறுதி தந்தால், அவர் விற்பது பெரும்பாலும் கலப்பினம். வளர்ந்த கோழியென்றால் முதுகு இறகை விரித்து அடியைப் பாருங்கள். சுத்த இனத்தில் அடி இறகும் சிவப்பு, வால் பச்சை மினுங்கும் கறுப்பு. கலப்பினத்தில் அடி வெள்ளையாக இருக்கும், வாலிலும் வெள்ளை தெரியும்.

ஆனால் சுத்த இனம் என்பதற்காக முட்டை தானாக வந்துவிடாது. ரோட் ஐலண்ட் ரெட் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் விவசாயிகள் ஆசியச் சேவல்களையும் சேர்த்து உருவாக்கிய இனம். 1904இல் அங்கே தர நூலில் ஏறியது. அதன் பிறகு சிலர் காட்சிக்காக நிறத்தைப் பார்த்துத் தெரிந்தார்கள், சிலர் முட்டையைப் பார்த்துத் தெரிந்தார்கள். இரண்டும் இன்று ஒரே பெயரில்தான் இருக்கின்றன. முட்டை வழியில் வந்த பேடு வருடம் 200 முதல் 250 வரை இடும். காட்சி வழியில் வந்ததை அதற்கு நம்ப முடியாது. எனவே வாங்கும்போது தாயின் முட்டைக் கணக்கைக் கேளுங்கள். கணக்கு எழுதாதவரிடம் பெருமைப் பேச்சுத்தான் இருக்கும்.

இனம் பெருக்கும்போது நாம் செய்யும் பெரிய தவறு, ஒரே தாயின் சேவலையும் பேட்டையும் கூட்டில் விட்டுவிடுவது. உடன்பிறந்தவை சேர்ந்தால் நாலு தலைமுறைக்குள் பொரிப்பு குறையும், குஞ்சு சோம்பும். நான் இப்போது மூன்று குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பேடுகள் தத்தம் குடும்பத்திலேயே இருக்கும். முதலாம் குடும்பத்து இளஞ்சேவல் இரண்டாவதுக்கு, இரண்டாவதன் சேவல் மூன்றாவதுக்கு, மூன்றாவதன் சேவல் முதலாவதுக்கு. எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். சேவலை மாற்றினால் மூன்று கிழமை பொறுத்துத்தான் அடைக்கு முட்டை எடுக்க வேண்டும். பழைய சேவலின் வித்து பேட்டின் உடலில் இரண்டு கிழமைக்கு மேலும் உயிரோடு இருக்கும். இதை அறியாமல் நான் ஒரு தடவை ஒரு முழு அடையையும் குழப்பிக்கொண்டேன்.

சேவலைத் தெரியும்போது கொண்டையையும் உயரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். சேவல் முட்டையிடாது, ஆனால் மகள்களுக்குப் பாதிக் குணம் அதனிடமிருந்துதான் வருகிறது. கூடுதலாக முட்டையிட்ட பேட்டின் மகன் எதுவோ அதையே வையுங்கள்.

தீன் விடயத்தில் வீட்டுச் சோறும் தவிடும் போதும் என்பவர்கள் அதிகம். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். அதில் புரதம் 16, 17 வீதம் வேண்டும். தவிட்டில் அவ்வளவு இல்லை. நூறு கிலோவுக்கு நான் கலப்பது: சோளம் 50, தவிடு 14, சோயாப் புண்ணாக்கு 22, தேங்காய்ப் புண்ணாக்கு 4, சிப்பித் தூள் 8, மிகுதி இரண்டு கிலோவும் டைகல்சியம் பொஸ்பேற், விற்றமின் கலவை, கொஞ்சம் உப்பு. பூஞ்சணம் பிடித்த சோளத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அந்த நஞ்சு ஈரலைத் தின்றுவிடும்.

ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராம் அளவு கல்சியம் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகும். அதனால் பின்னேரம் ஒரு தகரத்தில் பருமனான சிப்பி உடைசல் தனியாக வையுங்கள், தேவையானதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். ஆனால் வளரும் குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீன் போடக் கூடாது. அந்தளவு கல்சியம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். என் உம்மா "நல்ல தீன்தானே மகன், குஞ்சும் திங்கட்டும்" என்று போட்டு ஐந்தாறு குஞ்சு போனது.

நம் நாட்டில் பகல் வருடம் முழுவதும் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான். முட்டைக்கு 14, 15 வேண்டும். பேடு முட்டையிடும் வயதுக்கு வந்த பின், சுபஹுக்கு எழும்பும்போது கூட்டில் ஒரு சிறு எல்.ஈ.டி. பல்பைப் போட்டு விடிந்ததும் நிறுத்தி, மஃரிபுக்குப் போட்டு இஷாவோடு அணைத்தால் சரியாகிவிடும். ராணிக்கெட் தடுப்பூசியைப் பற்றி நீட்டி எழுதவில்லை. கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு நாள் தவறாமல் போடுங்கள்.

அந்த ராத்தா இருபத்தைந்து வாங்கவில்லை. முட்டைக் கணக்குக் கொப்பி காட்டிய ஒருவரிடம் எட்டுப் பேட்டுக் குஞ்சும், வேறொருவரிடம் ஒரு சேவல் குஞ்சும் எடுத்திருக்கிறார். மிச்சக் காசில் கூட்டுக்கு வலை அடித்தார். அவரது மகள் என் வகுப்பில்தான் இருக்கிறாள். முட்டை எழுதவென்று இப்போதே ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.