நாலாம் நம்பர் ரிப்போர்ட்

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், பக்கத்துத் தெருவில் தறி ஓட்டும் பெண் ஒருத்தி இரண்டு ரிப்போர்ட்களோடு வந்தாள். கூடவே அவள் மாமியார், ஆந்திரப் பக்கத்து நகரியிலிருந்து. நான் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் 31 வருடம் சைட்டாலஜி டெக்னீஷியனாக இருந்தவன். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் யாருக்கு ‘ஊசி டெஸ்ட்’ எடுத்தாலும் அந்தக் காகிதம் என் திண்ணைக்கு வந்துவிடும்.

“அண்ணா, கேன்சர்னு போட்டிருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

கழுத்தில், எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும் கோலிக்குண்டு அளவுக் கட்டி. முதல் ரிப்போர்ட்டில் ஒரே வரி: ‘ஃபாலிகுலர் லீஷன், நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.’ அதைப் படித்த ஒரு டாக்டர், ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வா என்றிருக்கிறார். இன்னொருவர், தைராய்டை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றிருக்கிறார். அந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பதுதான் கொடுமை. மூன்று வாரம் அவள் தூங்கவில்லை. எனக்கு அந்த வரிமேல்தான் ஆத்திரம்.

ஊசி டெஸ்ட் என்பது சின்ன வேலைதான். ஊசிமருந்து போடும் அளவுள்ள மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு முன்னும் பின்னும் அசைப்பார்கள். ஊசிக்குள் ஏறுவது ரத்தம் கலந்த ஒரு சொட்டு. அதைக் கண்ணாடி ஸ்லைடில் விட்டு, இன்னொரு ஸ்லைடால் இழுத்துத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் செல் நசுங்கிவிடும். சில ஸ்லைடுகளை ஈரம் காய்வதற்குள் 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். தாமதித்தால் செல் காய்ந்து உப்பி, உள்ளே இருக்கும் நியூக்ளியஸ் மங்கிப்போகும். தைராய்டு என்றால், குறைந்தது ஆறு கொத்து செல்களாவது தெரிய வேண்டும், கொத்துக்குப் பத்து செல்லாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இவ்வளவு கவனமாக எடுத்த சொட்டைப் பற்றிக் கடைசியில் எழுதும் வரி வழுக்கினால், எல்லாம் வீண்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பாஷை. ‘சந்தேகத்துக்கு இடமுண்டு’ என்று ஒருவர் எழுதினால் ஆபரேஷன் செய் என்று அர்த்தம். அதையே இன்னொருவர் எழுதினால், திரும்பவும் எடுத்துப் பார் என்று அர்த்தம். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு டாக்டர் பாப்பனிகொலாவ் வகுத்த ஐந்து வகுப்புகளும் உலகம் முழுக்க இப்படித்தான் ஆளுக்கொரு விதமாகத் திரிந்தன. 1988 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பெதஸ்டா என்ற ஊரில் கூட்டம் போட்டு, இனி எல்லாரும் ஒரே சொற்களில் எழுதுவோம் என்று முடிவு கட்டியது. தைராய்டுக்கு அதே போல 2007-இல் கூடினார்கள். புத்தகம் 2010-இல் வந்தது. அப்புறம் சிறுநீருக்குப் பாரிஸ், உமிழ்நீர்ச் சுரப்பிக்கு மிலான், மார்பகத்துக்கு யோகஹாமா. கூடிய ஊரின் பெயரையே முறைக்கு வைத்துவிடுகிறார்கள். ஊர்ப்பெயரைச் சொல்லியே சாமியைக் கூப்பிடுகிற எனக்கு அது பிடித்திருக்கிறது.

தைராய்டுக்கு ஆறு பிரிவு. ஒன்று, செல் போதவில்லை, மறுபடி எடு. இரண்டு, சாதாரணக் கட்டி. ஆறு, புற்றுநோய். குழப்பமெல்லாம் நடுவில்தான். இவள் அதே ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டுபோய் வேறோர் இடத்தில் காட்டியதில் வந்த இரண்டாவது ரிப்போர்ட் சொன்னது: ‘பெதஸ்டா, பிரிவு 4, ஃபாலிகுலர் நியோப்ளாசம்.’ 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி, இந்தப் பிரிவில் ஆபரேஷன் செய்து பார்த்தவர்களில் சராசரியாக நூற்றுக்கு 30 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. இரண்டாம் பிரிவில் அது 4 பேர்தான். ஆறாம் பிரிவில் 97.

“அப்போ கேன்சரா இல்லையான்னு அதுலயும் தெரியலையே அண்ணா?”

நியாயமான கேள்வி. எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இங்கே பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நாலு பேர் முகத்தைப் பார்த்து, யார் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா? ஃபாலிகுலர் செல்லும் அப்படித்தான். நல்லதும் கெட்டதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை அது தாண்டியதா, ரத்தக்குழாய்க்குள் புகுந்ததா என்பதுதான் பேதம். ஊசி செல்லை எடுத்து வரும். எல்லையை எடுத்து வராது. அதைப் பார்க்கக் கட்டியை முழுசாக எடுத்து வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கட்டி இருக்கும் பாதித் தைராய்டை எடுத்தால் பெரும்பாலும் போதும். நாலு என்று எழுதியவருக்கும் படிக்கிற சர்ஜனுக்கும் இவ்வளவும் அந்த ஒரு எண்ணிலேயே விளங்கிவிடும். எண்ணோடு செல்லின் வர்ணனையையும் எழுத வேண்டும். வெறும் நம்பர் போட்டு அனுப்பும் சோம்பலையும் நான் பார்த்திருக்கிறேன், அதுவும் தப்பு.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வண்ணத்துப்பூச்சி போலத் தைராய்டை வரைந்து, ஒரு சிறகை மட்டும் கோடிட்டுக் காட்டினேன். அதுவரை பேசாமல் இருந்த மாமியார் நாலு விரலைக் காட்டி, “நாலுகா?” என்று தெலுங்கில் கேட்டார்.

“அவுனம்மா, நாலுகு. சகம் தீஸ்தாரு.”

“சகமேனா?” பாதிதானா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அந்தக் காலண்டர் தாளை வாங்கி மடித்து, ரிப்போர்ட்டோடு பைக்குள் வைத்துக்கொண்டார்.